அழுத்துவதற்கு முன்

திரையின் நீல வெளிச்சம் அக்காவின் தொண்டைத் தழும்பில் விழுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் அவள் பதிந்துவைத்த குரல் இந்த மடிக்கணினிக்குள் இருக்கிறது. அவள் தட்டச்சு செய்தால் அது பேசும். சில நாட்களாகத் திக்குகிறது. "புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டா சரியாயிடும்க்கா. ஆனா அது இன்னும் சோதனையிலதான் இருக்கு. குரலே அழிஞ்சாலும் அழிஞ்சிடும்" என்கிறேன். குரலை நகலெடுத்துப் பார்த்தாயிற்று, நகல் வாய் திறக்கவில்லை. கணினியின் விசிறி இரைகிறது. 'தொடரவா?' என்று திரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கென்ன, கேட்கும். அக்கா மெல்லத் தட்டுகிறாள். "இரு... இருடா. ஒரு தடவை பாப்பாவைக் கூப்பிட்டுக்கறேன்" என்கிறது கணினி. பிறகு, அதிசயமாய்த் திக்காமல், "பாப்பா!" என்கிறது. "என்னம்மா?" என்று உள்ளறையிலிருந்து மகள் குரல் கொடுக்கிறாள். அக்கா என் கையை எடுத்து மௌஸின் மேல் வைக்கிறாள்.