அச்சடித்த மாதிரி ஐந்து

காற்றாலையின் அடியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசை எரிமலையின் வயிற்றில், பள்ளி வாசலில் இருக்கும் ஸ்டேஷனரிக் கடையின் முத்திரை.

"சீ!" என்றார் தொழிற்கூட ஆசிரியர், துப்பாத குறையாக. கண்காட்சியில் இருபது மேசைகள். பத்தொன்பதைப் பார்த்து முடித்திருந்தார். எல்லாம் ரெடிமேட் சரக்கு.

காலையிலேயே தலைமையாசிரியை சொல்லியிருந்தார். "உங்க தொழிற்கூடத்தை மூடிட்டு அங்க ஸ்மார்ட் கிளாஸ் போடணும்னு நிர்வாகம் ஒத்தக் கால்ல நிக்குது சார். பசங்க கையால செஞ்ச பொருள் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் சண்டை போடறேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

ஒண்ணே ஒண்ணு! கோணலாக ஆணி அடித்த ஸ்டூலாக இருந்தால்கூட அவர் தலையில் வைத்துக்கொண்டு ஆடியிருப்பார். பதினெட்டு வருஷமாக அந்தக் கூடத்தில் அரமும் ரம்பமும் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டவர். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; அளவு 'ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது' என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்வதால் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரே 'ஒரு நூல்'. பட்டப்பெயர் வைத்தார்களே தவிர, சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

இருபதாவது மேசையில் ஐந்து மின்காந்த ஏவுகருவிகள் இருந்தன, பின்னால் ஐந்து பிள்ளைகள். ஒரு குழாய், அதன்மேல் செம்புக் கம்பிச் சுருள், அடியில் பேட்டரி, ஒரு பொத்தான். அவர்களில் இரட்டைச் சடை போட்ட மாணவி பொத்தானை அமுக்கி உடனே விட்டாள். சுருள் காந்தமாகி, குழாயில் கிடந்த ஆணியை இழுத்து மறுமுனை வழியாக வீசியது. எதிரே இருந்த அட்டைப்பெட்டியில் 'டப்' என்று சத்தம்.

அவர் ஆசையோடு மேசைமேல் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்துச் சுருளை அளந்தார். அடுத்ததை அளந்தார். ஐந்தாவதை அளக்கும்போது முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிட்டது. அத்தனையும் ஒரே நீளம், ஒரே அடுக்கு. கம்பி முனையைச் செருகியிருந்த இடம்கூட ஒன்றேதான்.

"மனுஷக் கை சுத்தினா ஒண்ணு கோணும், ஒண்ணு பிதுங்கும். அஞ்சும் அச்சடிச்ச மாதிரி இருக்கே! எந்த மெஷின் சுத்துச்சு இதை?"

"சார், அது வந்து..." என்று இழுத்தாள் இரட்டைச் சடை.

"வாயைத் திறக்காதே! கடைக்காரன் வித்தான், அப்பன் வாங்கிக் கொடுத்தான், நீங்க கொண்டாந்து வச்சீங்க. மத்ததுங்களாவது விலைச்சீட்டோட வந்துச்சு. நீங்க அதையும் கிழிச்சுட்டு வந்து நிக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். போன பருவத்தில் இதே கருவியை அவர் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. "பரீட்சைல வருமா சார்?" என்று ஒரு குரல். வராது என்றதும் நோட்டை மூடிய கும்பல்தான் இது. இதுகளாவது செய்யறதாவது!

விடுவிடுவென்று தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

"கூடத்தை மூடச் சம்மதம்னு ஒரு கடிதம் கொடுங்க மேடம், கையெழுத்துப் போடறேன்."

"ஒண்ணுகூடவா தேறல சார்?"

"ஒண்ணுகூட இல்ல. அத்தனையும் கடைச்சரக்கு. கூடத்தை மூடுங்க, இடிங்க, என்ன வேணா பண்ணுங்க. எனக்கு அருவருப்பா இருக்கு."

பேனா முனை பேப்பரைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை பெருமூச்சோடு அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு நிர்வாகக் கூட்டத்துக்குக் கிளம்பினார். கார் வாசலைத் தாண்டியது.

தொழிற்கூடத்துக்கு வந்து தன் சாமான்களைப் பெட்டியில் போட ஆரம்பித்தார் ஆசிரியர். அலமாரியில் பச்சை ஒயர் சுற்றி வைத்திருந்த உருளை மொட்டையாகக் கிடந்தது. துணி காயப்போடக் கொடி கட்ட உருவுகிறான் என்று முந்தாநாள்தான் வாட்ச்மேனைப் பிடித்துக் காய்ச்சியிருந்தார். மிச்சத்தையும் உருவிவிட்டான்! இந்தப் பள்ளிக்கூடத்தில் எதைத் தொட்டாலும் நாற்றம்தான்.

"சார்..."

வாசலில் இரட்டைச் சடை நின்றாள். கையில் ஏவுகருவி.

"வாட்ச்மேன் அண்ணனைத் திட்டாதீங்க சார். பச்சை ஒயரை நாங்கதான் எடுத்தோம். சாப்பாட்டு நேரத்துல அவர் கூடத்தைத் திறந்து விடுவாரு. ஒரு மாசமா அஞ்சு பேரும் இங்க உக்காந்துதான் சுத்தினோம். உங்களுக்குத் தெரியாம செஞ்சு காட்டணும்னு நினைச்சோம். கேக்காம எடுத்தது தப்புதான். அதுக்குத்தானே சார் கோவம்?"

கருவியைத் திருப்பிக் காட்டினாள். அடியில் பேட்டரியிலிருந்து பொத்தானுக்குப் போனது பச்சை ஒயர். அவள் விரல் நுனிகளில் கம்பி அறுத்த கோடுகள்.

அவர் ஜன்னல் வழியாகப் பள்ளி வாசல் பக்கம் பார்த்தார். கார் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"அப்ப... அஞ்சும் எப்படிம்மா அச்சடிச்ச மாதிரி இருக்கு?"

இதென்ன கேள்வி என்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள்.

"ஒரு நூல்கூடப் பிசகக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"