கோட்டில் சேராத புள்ளி

ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். புதிதாக வந்த கணக்கு டீச்சர் y = 2x + 1 என்ற சமன்பாட்டுக்குக் கரும்பலகையில் அட்டவணை போடுகிறாள். x மைனஸ் ஒன்று என்றால் y-யும் மைனஸ் ஒன்றுதான். அவளோ மூன்று என்று எழுதுகிறாள். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கிறது. வெயில் படிந்த வரைபடத்தாள்களில் நாற்பது பென்சில்கள் உரசுகின்றன. போன வருடம் முழுக்க என் வகுப்பில் வாயே திறக்காத பெண் எழுந்து நிற்கிறாள். "மிஸ், முதல் புள்ளி மட்டும் கோட்டுல சேர மாட்டேங்குது." புது டீச்சர் நன்றாக மாட்டிக்கொண்டாள் என்று எட்டிப் பார்க்கிறேன். டீச்சர் வாய்விட்டுச் சிரிக்கிறாள். "அடடா, மைனஸை முழுங்கிட்டேனா! நீயே வந்து சரி பண்ணும்மா." அந்தப் பெண் சாக்பீஸை வாங்கி, மூன்றை அழித்துவிட்டு மைனஸ் ஒன்று என்று எழுதுகிறாள். வகுப்பே கை தட்டுகிறது. இருபது வருடத்தில் நான் போர்டில் ஒரு தப்புகூடச் செய்ததில்லை. எனக்கு யாரும் கை தட்டியதும் இல்லை.