இடது மூலை

தாராவித் தோல் பட்டறையில் தையல் மெஷின்கள் இரைகின்றன.  பட்டறைக்காரன் அப்ராரின் பைகள் விற்கும் வலைத்தளத்தைச் சரிசெய்ய வந்திருக்கும் நசீர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுகிறான். "பாய், வாங்குற பட்டன எவனாவது இடது மூலையில வைப்பானா? கஸ்டமர் தேடிப் பாத்துட்டு ஓடிருதான். ஆர்டர் இல்லன்னு பொலம்புதீய!" அதை அங்கே வைத்தவள், போன ரம்ஜானுக்கு முன் மவுத்தாகி அடக்கமாகிவிட்ட அப்ராரின் மனைவி சஃப்ரீன். வேலை நேரத்தில் அவள் வலக்கையில் ஊசி இருக்கும், இடக்கையில் போன் இருக்கும். அவள் கட்டைவிரல் எட்டிய இடம் அந்த மூலை. "மாத்தவா பாய்?" "மாத்து." பட்டன் வலப்பக்கம் போய்விடுகிறது. அப்ரார் தன் போனை இடக்கையில் எடுத்து, காலியான மூலையைக் கட்டைவிரலால் தட்டுகிறான். எதுவும் திறக்கவில்லை. மறுபடியும் தட்டுகிறான்.