எங்கள் வீட்டு நேரம்

மெக்சிகோவில் கோடை வந்தால் அரசாங்க உத்தரவுப்படி எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்போம்; இந்தக் கோடையிலிருந்து அது வேண்டாமாம். வானொலியில் செய்தி முடிவதற்குள் பக்கத்து வீட்டு ஃபிதென்சியோ ஓடி வந்து என் கணவரைக் கட்டிக்கொண்டான்.

"ஜெயிச்சிட்டீங்க எவாரிஸ்தோ அண்ணே!"

நியாயம்தான். "அரசாங்க நேரம் எவனுக்கு வேணும்? எனக்குக் கடவுள் நேரம் போதும்!" என்று கோடைதோறும் கத்தியவர் அவர். எங்கள் சுவர்க் கடிகாரத்தை யாரையும் தொடவிட்டதில்லை. அதில் ஆறு அடிக்கும்போதுதான் பட்டறையிலிருந்து வந்து நிற்பார்.

ஆனால் அன்று மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். அவரைக்காயில் உப்பில்லை என்றார். நாற்காலி ஆடுகிறது என்றார். அடுத்த தெரு நாயைக்கூட விட்டுவைக்கவில்லை.

"ஜெயிச்ச மூஞ்சியா இது?" என்றேன்.

"யாரைக் கேட்டு நிறுத்துனானுங்க?" என்று சீறினார்.

ஃபிதென்சியோ போனதும் முக்காலியில் ஏறி, சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினேன்.

"ஏய் நெமேசியா, என்ன பண்றே?"

"கோடையில உங்க பட்டறைய அரசாங்க நேரப்படி ஆறு மணிக்கே மூடிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? அப்ப நம்ம கடிகாரத்துல மணி அஞ்சுதான். மிச்ச ஒரு மணி நேரம் டோமினோ ஆட்டம்!"

முக்காலியிலிருந்து இறங்கினேன்.

"இந்தக் கோடையிலயும் போய் ஆடுங்க. நான் நிம்மதியா இருக்கறதே அந்த ஒரு மணி நேரம்தான். எந்த அரசாங்கம் சொன்னாலும் அத விட்டுத் தர மாட்டேன்."