மிஞ்சிய வண்டி மை

ஜோடியில் ஒரு காளை செத்துப்போனதும், முனிரத்தினம் வண்டியை ஒற்றை மாட்டுக்கு மாற்றினான். பாரம் இழுக்காவிட்டால் பிழைப்பில்லை. ஆனால் அதே பட்டுநூல் மூட்டைகளோடு வண்டி ஆரணிக்கு முன்னைவிட லேசாக வந்தது.

"இலுப்பெண்ணெய விட்டுட்டு அச்சுக்கு வெளக்கெண்ணெ மை போட்டேன் இல்ல, அதான் ஜல்தியா ஓடுது," என்று மனைவி கன்னியம்மாளிடம் சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சந்தோஷத்தில் சீமையெண்ணெய் லாந்தர் ஒன்று வாங்கி வண்டியின் முன்புறம் மாட்டினான். அந்தியில் வீடு திரும்பும்போது, தெருவில் இரண்டு காளைகளின் நிழல் முன்னால் நடந்தது.

வாசலில் நின்ற கன்னியம்மாளும் பார்த்தாள். "ரெண்டுக்கும் தண்ணி வெக்கட்டுமா?"

"வெய்யி."

அச்சுக்குப் போட்டு மிஞ்சும் மையைக் காளைக்குத் திருஷ்டிப் பொட்டாக வைப்பது அவன் வழக்கம். இருந்த காளைக்கு வைத்தான். பிறகு பக்கத்து வெற்றிடத்தில், செத்த காளையின் நெற்றி உயரத்துக்கு, மை தொட்ட விரலை நீட்டினான்.

விரல் மை இல்லாமல் திரும்பியது.