ஒரே பீங்கான்

“இண்டைக்கும் ரோல்ஸா?”

ஹபீல் திரீவீலரை விட்டு இறங்கியதுமே, கையிலிருந்த எண்ணெய் ஊறிய கடதாசிப் பையைப் பார்த்து ஷஹ்மா கேட்டாள். தங்கை பஸீஹாவைப் பார்க்கக் குண்டசாலைக்கு வந்திருந்தாள்.

“சூடா ஈக்கி, மதினி. நீங்களும் ஒண்டு எடுங்க.”

“அவ ஆறு கிலோ கொறைக்கணும். தெரியும்தானே?”

“தெரியும்.”

எல்லோருக்கும் தெரியும். ஹபீலின் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்குப் போய், மெஷினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். உடன்பிறந்தவர்கள் இருவருக்கும் சீனி வருத்தம், சர்க்கரை நோய்; கொடுக்க முடியாது. மனைவி பஸீஹாவின் சிறுநீரகம் பொருந்தியது. ஆனால் எண்பத்தொரு கிலோ உடம்பில் கத்தி வைக்க முடியாது என்று டொக்டர் மூன்று மாதத் தவணை கொடுத்திருந்தார்.

“ரெண்டு மாசம் போயிட்டு. கொறையிறதுக்குப் பதிலா ஒரு கிலோ கூடி ஈக்கி.”

“மெலிஞ்ச பொண்ணு வேணுமெண்டா, அப்பவே உங்கட மாமிட மகளைக் கேட்டிருப்பேனே.”

அவன் மட்டும் சிரித்தான். முகம் வெளிறி ஊதியிருந்தது.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து இருவரும் ஒரே பீங்கானில்தான் சாப்பிடுவார்கள். இனிமேல் அவளுக்குத் தனிப் பீங்கானில் அளந்து போடச் சொல்லி ஷஹ்மா முதல் வாரமே சொன்னாள். ஹபீல் கேட்கவில்லை.

“பதினாலு வருஷம் ஒண்டாத் திண்டிட்டு, இப்ப அவ வேற, நான் வேறயா?”

அவனுக்கு உப்பு கூடாது. இறைச்சியும் அளவோடுதான். அன்று பகலும் அவன் பக்கத்துத் துண்டுகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் நகர்ந்தன.

“உடுங்க, எனக்குப் போதும்,” என்றாள் பஸீஹா.

“எனக்குக் கூடாது. வீசவா சொல்றீங்க?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள்.

பின்னேரம் ஷஹ்மாவே தங்கையை நடக்கக் கூப்பிட்டாள். அக்கா வாங்கிக் கொடுத்த சப்பாத்தின் அடியில் இன்னும் மண் படவில்லை. பஸீஹா ஒரு காலை மாட்டியிருப்பாள். உள்ளேயிருந்து ஹபீலின் குரல் வந்தது.

“புள்ள, தலை சுத்துற மாதிரி ஈக்கி. எங்கேயும் போக வேணாம்.”

“நேத்தும் இப்பிடித்தான், ராத்தா.”

அக்காவிடம் சொல்லிவிட்டு பஸீஹா சப்பாத்தைக் கழற்றி வைத்தாள்.

தவணை நாளன்று கிளினிக்குக்கு ஷஹ்மாவும் கூடப் போனாள். தராசு எண்பத்துநான்கு காட்டியது. டொக்டர் கோப்பை மூடிவிட்டு, வேறு யாரையாவது தேடச் சொன்னார். வேறு யாரும் இல்லையென்பது அவருக்கும் தெரியும்.

பஸீஹா முகம் கழுவப் போனாள். விறாந்தையில் ஷஹ்மா அவன் முன்னால் வந்து நின்றாள்.

“இப்ப சந்தோஷமா? உங்கட உசிர நீங்களே திண்டு முடிச்சிட்டீங்க. அதுவும் அவட வாயால.”

ஹபீல் முதலில் கழுவும் அறைக் கதவைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“டொக்டர் மொத மொத ஆறு கிலோ எண்டு சொன்னாரே, அண்டைக்கு வீட்டுக்கு வந்து, தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனேன். அவ சோத்துச் சட்டியோட நிண்டா. அழுதழுது அள்ளித் திண்டா. நான் நிண்டதை அவ காணல்ல.”

ஷஹ்மாவும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“பயம், மதினி. கத்திக்குப் பயம். ஏலா எண்டு சொல்லவும் பயம். நாளைக்கு நான் மவுத்தாகினா, தன்னாலதான் எண்டு காலம் பூரா நெனைப்பா.”

“அதுக்கு?”

“அடுத்த நாள்தான் நான் ரோல்ஸ் வாங்கத் தொடங்கினது.”

கதவு திறந்தது. பஸீஹா ஈர முகத்தோடு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கணவனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஹபீல் குரலை உயர்த்தினான்.

“வாங்க புள்ள. கென்டீன்ல சூடா பெட்டிஸ் ஈக்கி.”

பஸீஹா அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

ஷஹ்மா ஹபீல் பக்கம் திரும்பினாள். விறாந்தையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, அவனைப் பார்த்துக் கத்தினாள்.

“எல்லாம் உங்களாலதான்!”