தட்டின் மறுபக்கம்

பாட்டைப் போனில் கேட்கிறவனுக்கு என் பெண்ணைக் கொடுப்பதாக இல்லை.

"அதுக்காகவா ஒருத்தனை வேண்டாம்னு சொல்வீங்க?" என்றாள் மனைவி.

"காது இல்லாதவனோட எப்படி வாழ்க்கை நடத்துவா?"

"நான் நடத்தலையா?"

அவள் எப்போதும் இப்படித்தான். நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என்னிடம் நானூறு சொச்சம் இசைத்தட்டுகள் இருக்கின்றன. வீட்டில் எனக்கென்று தனி அலமாரி கிடையாது, அவற்றுக்கு உண்டு. டிஜிட்டல் இசை என்று யார் பேச்செடுத்தாலும், "அதுல எல்லாம் இருக்கு, உயிர் மட்டும் இல்லை" என்பேன். யாரும் பேச்செடுக்காவிட்டாலும் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் அவனை அழைத்து வந்தாள். நல்ல வேலை, நல்ல முகம். ஆனால் இரண்டு காதிலும் வெள்ளையாக ஏதோ மொட்டு. வாசலுக்கு வந்த பிறகுதான் கழற்றினான்.

விருந்தாளி வருகிறான் என்று மனைவி ஸ்பீக்கர் பெட்டிகளை நகர்த்திப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள். இரண்டுக்கும் நட்ட நடுவில் என் நாற்காலி. யாரையும் உட்கார விடமாட்டேன். அவனை உட்காரச் சொன்னேன்.

"தம்பி, இங்க உட்கார்ந்தா பாடறவங்க உங்க முன்னாடி வந்து நிப்பாங்க."

தட்டை ஓரத்தில் பிடித்து எடுத்து, தூசி துடைத்து, ஊசியை இறக்கினேன். கரகரவென்றது.

"கேட்டீங்களா அந்தக் கரகரப்பை? உங்க போன்ல இது வருமா?"

"வராது அங்கிள்."

பாட்டு தொடங்கியது. கண்களை மூடி, காற்றில் கையை அசைத்து ரசித்தேன். இடையில் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவன் முகத்தைப் பார்த்தேன். பையன் தலையை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான், நெளிந்தான்.

"எப்படி இருக்கு?"

தயங்கினான். "ஒரு பக்கம்தான் கேக்குது அங்கிள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவசரப்படாதீங்க தம்பி. ஒரு பக்கம் முடிஞ்சாதான் மறுபக்கம் போட முடியும். விரலால தள்ளித் தள்ளிக் கேக்க இது போன் இல்லை."

பெருந்தன்மையோடு தட்டைத் திருப்பிப் போட்டேன்.

அவன் மகளைப் பார்த்தான். அவள் இடது பக்கப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப?"

"ரெண்டு பக்கமும் கேட்டாச்சு அங்கிள்."

"போனுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

"தெரியல அங்கிள். என் காதுலதான் ஏதோ கோளாறு போலிருக்கு."

அவன் படியிறங்கியதும் தீர்ப்பை வாசித்தேன். "அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான் பார். இவன் வேண்டாம்மா."

மகள் வாதாடவில்லை. முகம் கழுவப் போனாள். வெகு நேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மறுவாரம் அவனே போன் செய்தான். "அங்கிள், காது டாக்டரைப் பாக்கப் போறேன். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. நீங்க துணைக்கு வர முடியுமா?"

உருகிப்போனேன். என் இசைத்தட்டுக்குத் தகுதியாக ஒருவன் காதைச் சரிசெய்துகொள்ளத் துணிந்திருக்கிறான்! சரியானால் முடிவை மறுபரிசீலனை செய்யலாம் என்றுகூடத் தோன்றியது.

வழியெல்லாம் அவனுக்கு இசை என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டே போனேன். முதலில் இடப்பக்கம் நடந்தவன், பிறகு வலப்பக்கம் வந்துவிட்டான். சாலை ஓரத்தை எனக்கு விட்டுக்கொடுக்கிறான், மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் அவனைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். சோதனை முடிந்ததும், "அருமையான காது" என்றார்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"அங்கிள், வந்ததே வந்தோம், நீங்களும் ஒரு தடவை உட்காருங்களேன்" என்றான் அவன்.

தேர்ந்த ரசிகனின் காது எப்படியிருக்கும் என்று டாக்டரும் தெரிந்துகொள்ளட்டுமே! நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் டக் டக்கென்று கையைத் தூக்கினேன். அப்புறம் சத்தமே இல்லை. சோதனை முடிந்துவிட்டது என்று கருவியைக் கழற்றப் போனேன். கண்ணாடிக்கு வெளியே டாக்டர் குமிழைத் திருகிக்கொண்டேயிருந்தார்.

"இடது காது ரொம்ப நாளாவே மந்தம் போலிருக்கே" என்றார் பிறகு. "வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

எனக்கு மெல்ல உறைத்தது. அவன் பக்கம் திரும்பினேன்.

"அப்போ அன்னிக்கு..."

"இடது ஸ்பீக்கர்ல ஒயர் கழண்டிருந்தது அங்கிள். வலது பெட்டி மட்டும்தான் பாடிச்சு."

"அப்பவே வெளிப்படையா சொல்லியிருக்கலாமே தம்பி?"

"உங்க வீட்டுல, எல்லார் முன்னாடியும் எப்படி அங்கிள்?"

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டேன். "கெட்டிக்காரன்தான். மாமனாரை எப்படி மடக்கறதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கான். சரி, சம்மதம்னு சொல்லிடு."

மகள் என் வலது பக்கமாக வந்து நின்றாள்.

"உங்களை மடக்கறதுக்கு இல்லப்பா. நீங்க வேண்டாம்னு சொன்னதை அன்னிக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன். 'நமக்குக் கல்யாணம் நடக்கலைன்னா போகுது, உங்கப்பா பாட்டு கேக்கணும்'னுதான் கூட்டிட்டுப் போனார்."